ஒரு சூரியன், ஐந்து ஓவியங்கள்

நான்காம் வகுப்பு ஓவிய ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். மொத்தம் 28 ஏடுகள். இரண்டு முக்கோண மலைகள், நடுவில் பாதிச் சூரியன், மலையிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை மரம், வானத்தில் நான்கைந்து பறவைகள். 27 ஏடுகளில் இதே படம். காரணம் எளிது. கரும்பலகையில் நான் வரைந்து காட்டியது அதுதான். என் ஆசிரியர் எனக்கு வரைந்து காட்டியதும் அதுதான்.

மீதி ஓர் ஏட்டில் மலை இல்லை. அரிசி ஆலையின் புகைபோக்கி ஒன்று நின்றது. அதற்குப் பக்கத்தில் சூரியன். “மலை எங்கடா?” என்று கேட்டேன். அந்த மாணவன் பதில் சொல்லவில்லை. அழிப்பானை எடுத்துப் புகைபோக்கியை அழித்தான். அந்த இடத்தில் இரண்டு மலைகளை வரைந்து கொண்டுவந்து நீட்டினான். ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

எங்கள் பள்ளி காவிரிப் படுகையில் இருக்கிறது. எந்தத் திசையில் பார்த்தாலும் வயல்தான். மலை என்பதே கிடையாது. பள்ளி மாடியில் ஏறினால் கண்ணில் படுவது அரிசி ஆலையின் புகைபோக்கி. அன்றைக்கு வகுப்பில் தான் பார்த்ததை வரைந்த ஒரே குழந்தையிடம்தான் நான் மலையைக் கேட்டிருக்கிறேன். இது எனக்கு உறைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அதே மாணவன் எட்டாம் வகுப்புக்கு வந்திருந்தான். கலைத்திருவிழாவுக்காக யார் யார் வரைவீர்கள் என்று கேட்டபோது அவன் தலையைக் குனிந்துகொண்டு, “எனக்கு வரைய வராது டீச்சர்” என்றான்.

அந்த ஆண்டு எட்டாம் வகுப்பில் ஆறு பாடவேளைகளில் நடத்திய ஒரு பாடத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளிகளிலும் இதை நடத்தலாம். நானும் ஓவிய ஆசிரியர் அல்லள்.

எதற்காக ஓவியர்களை அறிமுகப்படுத்துகிறோம்?

புகழ்பெற்ற ஓவியர்களைப் பற்றிய வகுப்பு என்றதும் நமக்கு இரண்டு வழிகள்தான் தோன்றுகின்றன. ஒன்று, பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், புகழ்பெற்ற ஓவியம் என்று எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது. மற்றொன்று, ஓவியத்தை அச்செடுத்துக் கொடுத்து அப்படியே வரையச் சொல்வது. முதல் வழியில் ஓவியம் பொது அறிவு வினாவாகச் சுருங்கிவிடுகிறது. இரண்டாவது வழியில் கரும்பலகை மலைக்குப் பதிலாக வான்கோவின் வானம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குழந்தை செய்வது அதே வேலைதான்.

ஓவியர்களை அறிமுகப்படுத்துவதன் பயன் வேறு. ஒரே பொருளைப் பலர் பலவிதமாகப் பார்த்திருக்கிறார்கள், அப்படிப் பார்ப்பதற்கு எனக்கும் உரிமை உண்டு என்பதைக் குழந்தை உணர வேண்டும். பாணி என்பது ஓவியர் எடுத்த முடிவுகளின் தொகுப்பு. எதைப் பெரிதாக்குவது, எதை விட்டுவிடுவது, எந்த நிறத்துக்கு அருகில் எந்த நிறத்தை வைப்பது என்பவை அந்த முடிவுகள். அவற்றைக் குழந்தைகளால் கண்டுபிடிக்க முடியும். ஆனால் அதற்குப் பொருள் மாறாமல் இருக்க வேண்டும். பூ ஒருவர், குதிரை ஒருவர் என்று காட்டினால் பொருளின் வேறுபாடுதான் தெரியும். பாணியின் வேறுபாடு தெரியாது. அதனால் நான் ஒரே பொருளைத் தேர்ந்தெடுத்தேன். நம் குழந்தைகள் எல்லோரும் வரையும் பொருள், சூரியன்.

முதல் பாடவேளை: அவர்களுடைய சூரியன்

எதையும் காட்டாமல், எதையும் சொல்லாமல், ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துச் “சூரியன் உதிப்பதை வரையுங்கள்” என்றேன். பத்து நிமிடம். எதிர்பார்த்தபடி பெரும்பாலான தாள்களில் மலைகள் வந்தன. அவற்றைச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். யாரையும் குறை சொல்லவில்லை. “என்ன கவனிக்கிறீர்கள்?” என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் அமைதி. பிறகு ஒரு மாணவி சொன்னாள்: “எல்லாம் ஒரே மாதிரி இருக்கு டீச்சர்.” இன்னொருத்தி, “நம்ம ஊர்ல மலையே இல்லையே” என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த மலையை அவர்களுக்குக் கொடுத்தது நான்தான் என்பதையும் ஒப்புக்கொண்டேன்.

அன்று வீட்டுப்பாடம்: மறுநாள் காலை வீட்டு வாசலில் நின்று, வெளிச்சம் முதலில் எதன் மேல் படுகிறது, எந்த நிறத்தில் படுகிறது என்று பார்த்து இரண்டு வரி எழுதி வர வேண்டும். இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் தவறாமல் சொல்லுங்கள். சூரியனை நேருக்கு நேர் உற்றுப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கேடு. நாம் பார்க்க வேண்டியது சூரியனை அல்ல, அதன் வெளிச்சத்தை.

இரண்டாம் பாடவேளை: மோனேயின் துறைமுகம்

பிரான்ஸ் நாட்டு ஓவியர் கிளாட் மோனே (1840–1926) 1872இல் லெ ஹாவ்ர் என்ற துறைமுக நகரத்தில் வரைந்த ஓவியம் ‘மனப்பதிவு, சூரிய உதயம்’. இன்று பாரிஸில் உள்ள மார்மொத்தான் மோனே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 48 செ.மீ., அகலம் 63 செ.மீ.; நம் சார்ட் தாளைவிடச் சற்றுச் சிறியது.

படத்தைத் திறன் வகுப்பறைத் திரையில் காட்டிவிட்டு, பெயரையோ ஊரையோ சொல்லாமல் இரண்டு நிமிடம் பேசாமல் பார்க்கச் சொன்னேன். பிறகு மூன்றே கேள்விகள். என்ன தெரிகிறது? எதை வைத்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இந்தப் பாடம் முழுவதையும் இந்த மூன்று கேள்விகளை வைத்தே நடத்தலாம். இரண்டாவது கேள்வியை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ‘சோகமா இருக்கு’ என்று சொல்லும் குழந்தையைப் படத்துக்குள் திரும்ப அனுப்புவது அந்தக் கேள்விதான்.

படகு, தண்ணீர், மூடுபனி என்று ஒவ்வொன்றாக வந்தன. “டீச்சர், பின்னாடி புகை போகுது. நம்ம ரைஸ்மில்லு மாதிரி இருக்கு” என்றான் ஒருவன். உண்மைதான். மோனே வரைந்தது வேலை நடக்கும் துறைமுகத்தை. பனிக்குள் பாரந்தூக்கிகளும் புகைபோக்கிகளும் மங்கலாகத் தெரியும். உலகப் புகழ்பெற்ற சூரிய உதய ஓவியம் ஒன்றில் மலை இல்லை, புகைபோக்கி இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் புகைபோக்கியை அழித்தவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவன் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்று முதன்முறையாக முன்னால் வந்து நின்று திரையைப் பார்த்தான்.

இதன் பிறகே கதையைச் சொன்னேன். 1874இல் மோனேயும் நண்பர்களும் பாரிஸில் தாங்களே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அங்கே இந்தப் படத்தைப் பார்த்த லூயி லெராய் என்ற விமர்சகர், இது முடிக்கப்படாத படம் என்ற பொருளில் கேலி செய்து எழுதினார். தலைப்பில் இருந்த ‘மனப்பதிவு’ என்ற சொல்லையே பிடித்துக்கொண்டு அந்தக் குழுவினரை ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்றார். கேலிப்பெயரே இயக்கத்தின் பெயராக நிலைத்தது. இம்ப்ரெஷனிசம் என்பதற்கு நான் கொடுத்த விளக்கம் இவ்வளவுதான்: பொருளை வரையாமல், அந்த நேரத்து வெளிச்சத்தில் பொருள் எப்படித் தெரிந்ததோ அதை வரைவது. வீட்டுப்பாடமாக அவர்கள் எழுதி வந்த இரண்டு வரிகளை அப்போது படிக்கச் சொன்னேன். ‘எங்க வீட்டு ஆட்டு முதுகுல முதல்ல வெயில் பட்டுச்சு. வெள்ளை ஆடு ரோஸ் கலரா இருந்துச்சு’ என்று ஒருத்தி எழுதியிருந்தாள். “நீயும் மோனேயும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறீர்கள்” என்றேன்.

மறையும் சூரியன்: ஒரு சோதனை

அறிவியல் ஆசிரியர்கள் இதை விரும்புவார்கள். மோனேயின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். படகுகள் தெரியும், தண்ணீர் தெரியும். அந்த ஆரஞ்சு நிறச் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். மாணவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள்.

காரணம் இதுதான். அந்தச் சூரியனுக்கும் அதைச் சுற்றியுள்ள சாம்பல் நீல வானத்துக்கும் நிறம்தான் வேறு. ஒளிர்வின் அளவு ஏறத்தாழ ஒன்று. நிறத்தை நீக்கிவிட்டால் வேறுபாடும் நீங்கிவிடுகிறது. நம் பார்வை அமைப்பு நிறத்தையும் ஒளிர்வையும் தனித்தனியே கையாளுகிறது. ஒளிர்வில் வேறுபாடு இல்லாமல் நிறத்தில் மட்டும் வேறுபாடு இருக்கும்போது அந்தப் பொருள் ஓரிடத்தில் நிலைக்காமல் மினுங்குவது போலத் தோன்றுகிறது. மோனேயின் சூரியன் பனிக்குள் துடிப்பதன் ரகசியம் அதுதான். இந்தச் சோதனையை மாணவர்கள் தங்கள் வண்ணப் பென்சில்களிலும் செய்து பார்க்கட்டும். எந்த இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பூசினால் கருப்பு வெள்ளையில் ஒன்றாகிவிடுகின்றன என்று தேடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

மூன்றாம் பாடவேளை: வான்கோவின் விதைப்பவர்

வின்சென்ட் வான்கோ (1853–1890) நெதர்லாந்தில் பிறந்தவர். 1888இல் தென் பிரான்ஸின் ஆர்ல் நகரத்தில் வாழ்ந்தபோது ‘விதைப்பவர்’ ஓவியங்களை வரைந்தார். ஜூன் மாதம் வரைந்த படத்தில் தொடுவானத்தில் பெரிய மஞ்சள் சூரியன். வானம் முழுவதும் மஞ்சள் கோடுகள். கீழே உழுத நிலம் ஊதாவும் நீலமுமாகக் கிடக்கிறது. நவம்பரில் வரைந்த இன்னொரு படத்தில் சூரியன் விதைப்பவரின் தலைக்குப் பின்னால் பெரிய வட்டமாக நிற்கிறது. குறுக்கே ஒரு மரம் சாய்ந்திருக்கிறது.

படுகைப் பகுதிக் குழந்தைகளுக்கு இந்தப் படத்தை அறிமுகப்படுத்தவே தேவையில்லை. “விதைக்கும்போது கை இப்படிப் போகும் டீச்சர்” என்று ஒரு மாணவன் எழுந்து வீசிக் காட்டினான். நாலைந்து பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். படத்தில் இருப்பவர் எந்தக் காலை முன்வைத்திருக்கிறார், விதை எந்தப் பக்கம் விழும் என்பது வரை விவாதம் போனது. ஓவியத்தை உடம்பால் நடித்துப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி. தொடக்க வகுப்புகளில் இதிலிருந்தே தொடங்கலாம்.

பிறகு நிறத்துக்கு வந்தோம். “மண் ஊதாவாகவா இருக்கும்?” என்ற கேள்வி வரும். வர வேண்டும். பதில் சொல்லாமல் ஒரு செயல்பாட்டைக் கொடுங்கள். ஒரே அளவில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் வரையட்டும். ஒன்றைச் சுற்றி வெள்ளையாகவே விட்டுவிடட்டும். மற்றொன்றைச் சுற்றி ஊதா பூசட்டும். எந்த வட்டம் அதிகமாக எரிகிறது? வண்ணச் சக்கரத்தில் மஞ்சளும் ஊதாவும் எதிரெதிரே இருப்பவை. அருகருகே வைத்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். வான்கோவுக்குத் தேவைப்பட்டது மண்ணின் நிறம் அல்ல, வெயிலின் வேகம்.

இந்த இடத்தில் பார்த்து வரைவதைப் பற்றியும் பேச வேண்டும். விதைப்பவரின் உருவம் வான்கோவின் சொந்தக் கற்பனை அல்ல. ழான்-பிரான்சுவா மில்லே என்ற பிரெஞ்சு ஓவியர் 1850இல் வரைந்த ‘விதைப்பவர்’ படத்தை அவர் பலமுறை பார்த்து வரைந்திருக்கிறார். பிற்காலத்தில் மில்லேயின் வேறு பல படங்களையும் கருப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளைப் பார்த்தே தம் நிறங்களில் வரைந்தார். இரண்டு விதைப்பவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். மில்லேயின் படம் மங்கிய ஒளியில் இருண்டு கிடக்கிறது. சூரியனின் வட்டமே அதில் இல்லை. வான்கோ எடுத்துக்கொண்டது அந்த நடையையும் கைவீச்சையும். சேர்த்தது சூரியனை.

ஆகவே பார்த்து வரைவது தவறில்லை. “எதை எடுத்துக்கொண்டாய்? எதை மாற்றினாய்?” என்ற இரண்டு கேள்விகளுக்குக் குழந்தையிடம் விடை இருந்தால் அது கற்றல். விடை இல்லையென்றால் அது படியெடுத்தல். நான் கரும்பலகையில் மலை வரைந்த நாட்களில் இந்தக் கேள்விகளை ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

ஒரு குறிப்பு. வான்கோ என்றதும் மாணவர்களில் யாராவது காதை அறுத்துக்கொண்ட கதையைக் கேட்பார்கள். மறைக்க வேண்டாம், அதிலேயே நிற்கவும் வேண்டாம். மனநோயால் அவர் துன்பப்பட்டார், அந்தத் துன்பத்துக்கு நடுவிலும் நிறங்களைப் பற்றித் தொடர்ந்து படித்தார், சோதித்தார், உழைத்தார் என்பதைச் சொல்லுங்கள். பைத்தியம்தான் ஓவியரை உருவாக்கும் என்ற எண்ணம் குழந்தைகள் மனத்தில் பதியக் கூடாது.

நான்காம் பாடவேளை: மங்க்கின் சுவர்

நார்வே நாட்டின் எட்வர்ட் மங்க் (1863–1944) வரைந்த ‘அலறல்’ படத்தைக் கைபேசி பார்க்கும் குழந்தைகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. கன்னத்தில் கைவைத்து அலறும் அந்த முகத்தை வரைந்தவர்தான், 1908இல் மனம் உடைந்து மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய பிறகு, ‘சூரியன்’ என்ற மாபெரும் ஓவியத்தையும் வரைந்தார். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் விழா அரங்கில், மாணவர்கள் உட்காரும் இடத்துக்கு எதிரே, சுவர் முழுவதும் இந்தச் சூரியன் கடலுக்கு மேலே கதிர் வீசுகிறது. நார்வே 2001இல் வெளியிட்ட 1000 குரோனர் பணத்தாளில் ஒருபுறம் மங்க்கின் முகமும் மறுபுறம் இந்தச் சூரியனும் இடம்பெற்றன. ஒரு நாடு தன் பணத்தாளில் ஓவியரின் முகத்தை அச்சிடுமா என்று வகுப்பில் பெரிய வியப்பு.

இந்தப் படத்தைத் திரையில் மட்டும் காட்டினால் பாதிதான் புரியும். அதன் அளவு 4.55 மீட்டர் உயரம், 7.80 மீட்டர் அகலம். மாணவர்கள் அளவு நாடாவுடன் விளையாட்டுத் திடலுக்குப் போய் அந்தச் செவ்வகத்தைச் சுண்ணாம்புத் தூளால் வரைந்தார்கள். பரப்பளவைக் கணக்கிட்டார்கள்: 35 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். 20 அடிக்கு 20 அடி வகுப்பறையின் தரை அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். நடுவில் ஒரு மாணவி நின்று பல கயிறுகளின் முனைகளைப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் மறுமுனைகளை இழுத்துச் செவ்வகத்தின் விளிம்பு வரை போனார்கள். அதுதான் எங்கள் சூரியன். மாடியிலிருந்து படம் எடுத்தோம்.

மோனேயின் சூரியன் விரல்நுனி அளவு. மங்க்கின் சூரியன் சுவர் அளவு. அளவும் ஓவியரின் முடிவுதான் என்று நான் சொல்லத் தேவைப்படவில்லை. எக்ஸ்பிரஷனிசம், அதாவது வெளிப்பாட்டியம் என்ற சொல்லை அன்று அறிமுகப்படுத்தினேன். கண்ணுக்குத் தெரிந்ததைவிட உள்ளே உணர்ந்ததை வெளியே கொண்டுவரும் பாணி. “உடம்பு சரியாகி வீட்டுக்கு வந்த முதல் நாள் வெயில் எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். டெங்கு வந்து பத்து நாள் மருத்துவமனையில் இருந்த ஒரு பையன், “கண்ணு கூசும் டீச்சர். ஆனா நல்லா இருக்கும்” என்றான். அதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

ஐந்தாம் பாடவேளை: வார்லிச் சுவரும் நம் வாசலும்

மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டப் பகுதியில் வாழும் வார்லி மக்கள் தங்கள் வீட்டு மண்சுவரில், செம்மண் பூச்சின் மேல் அரிசிமாவுக் கரைசலால் வரைகிறார்கள். நுனி நசுக்கிய மூங்கில் குச்சிதான் தூரிகை. வட்டம், முக்கோணம், சதுரம், கோடு, புள்ளி ஆகியவற்றைக் கொண்டே உலகம் முழுவதையும் அமைத்துவிடுவார்கள். வட்டம் சூரியனிலிருந்தும் நிலவிலிருந்தும், முக்கோணம் மலையிலிருந்தும் மரத்திலிருந்தும் வந்தவை என்பார்கள். நுனியோடு நுனி சேர்ந்த இரண்டு முக்கோணங்கள் ஒரு மனித உடல். திருமணச் சடங்குக்காகப் பெண்கள் வரைந்துவந்த இந்தக் கலையை, ஜிவ்யா சோமா மாஷே (1934–2018) அன்றாட வாழ்க்கையை வரையும் கலையாக விரித்துத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்தார். 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பழங்குடி ஓவியம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல் மோனேயின் பெயரைச் சொல்வது போலவே மாஷேயின் பெயரையும் கரும்பலகையில் எழுதுங்கள்.

பழுப்பு அட்டைத் தாள், பச்சரிசி மாவுக் கரைசல், நுனி மென்ற வேப்பங்குச்சி. செலவே இல்லாத வகுப்பு இது. மாவைக் கரைத்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாணவி சொன்னாள்: “எங்க அப்பாயி பொங்கலுக்கு வாசல்ல சூரியன் போடும் டீச்சர். இதே மாவுலதான்.” அந்த ஒரு வரிக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஐந்தாவது ஓவியம் அதுதான்.

பொங்கலன்று சூரியனையும் சந்திரனையும் கோலத்தில் வரையும் வழக்கம் நம் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. அந்தக் கோலத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரைந்து வரச் சொன்னேன். மறுநாள் வந்தவற்றில் ஒரு சூரியனுக்கு முகம் இருந்தது. ஒன்றில் முகமே இல்லை, வட்டத்தைச் சுற்றி இழைகள் மட்டும். ஒரே தெருவில் இத்தனை பாணிகள். “எங்க அம்மாவுக்கு ஓவியம் தெரியும்னு எனக்கே தெரியாது” என்று எழுதியிருந்தான் ஒருவன்.

ஆறாம் பாடவேளை: மீண்டும் அவர்களுடைய சூரியன்

முதல் நாள் சொன்ன அதே வாசகத்தைச் சொன்னேன். “சூரியன் உதிப்பதை வரையுங்கள்.” இம்முறை 40 நிமிடம். கரும்பலகையில் எதுவும் இல்லை. சுவரில் ஒட்டியிருந்த ஓவியங்களையும் எடுத்துவிட்டேன்.

மின்கம்பி மேல் உட்கார்ந்த கரிச்சான், அறுவடை இயந்திரத்தின் கண்ணாடி, பேருந்து ஜன்னல், ரோஸ் நிற ஆடு என்று என்னென்னவோ வந்தன. மலைகளும் சில வந்தன. கொடைக்கானல் சுற்றுலா போய்வந்த மாணவி வரைந்த மலை அது; தான் பார்த்த மலை. அதில் முக்கோணம் இல்லை.

கடைசி பெஞ்சு மாணவன் தாளைக் கொடுத்தான். கீழ்ப்பாதி முழுவதும் நாற்றங்கால். கரையோரம் அரிசி ஆலை, அதன் புகைபோக்கி. வானத்தில் ஒன்றுமே இல்லை. “சூரியன் எங்கடா?” என்ற கேள்வி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, “என்ன வரைஞ்சிருக்க, சொல்லு” என்றேன். நாற்றுகளுக்கு நடுவே, தண்ணீரில், நெளிந்து நெளிந்து போகும் ஆரஞ்சுக் கோடுகளைத் தொட்டுக் காட்டினான். “சூரியன் தண்ணிக்குள்ள இருக்கு டீச்சர்.”

எல்லாப் படங்களையும் வராண்டாச் சுவரில் காட்சிக்கு வைத்தோம். அருங்காட்சியகத்தில் வைப்பது போலவே ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு சிறிய சீட்டு: ஓவியர் பெயர், தலைப்பு, ஆண்டு, பயன்படுத்திய பொருள், அளவு. கோலங்களுக்குக் கீழே அம்மா, அப்பாயி, அம்மாச்சி ஆகியோரின் பெயர்கள். பெற்றோர் வந்து படங்களைவிட அந்தச் சீட்டுகளை அதிக நேரம் படித்தார்கள்.

மற்ற வகுப்புகளுக்கு

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை: ஆறு பாடவேளைகள் தேவையில்லை. மோனே, வார்லி, கோலம் ஆகிய மூன்று போதும். பெயரும் ஆண்டும் வேண்டாம். ‘எந்தச் சூரியன் சூடாக இருக்கிறது? எது தூங்கி எழுகிறது?’ என்ற கேள்விகள் போதும்.

நான்கு, ஐந்தாம் வகுப்புகள்: விதைப்பவரை நடித்துக் காட்டுவதும் மஞ்சள், ஊதா வட்டங்களும் நன்றாக எடுபடும்.

ஒன்பது, பத்தாம் வகுப்புகள்: ஒளிர்வு பற்றிய சோதனையை இயற்பியலோடு இணைக்கலாம். இரண்டு ஓவியங்களை ஒப்பிட்டு ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்வது தமிழ்ப் பாடத்துக்கும் உதவும்.

மதிப்பீட்டில் ‘அசலைப் போல இருக்கிறதா’ என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். மூன்று செய்திகளைக் கவனித்தால் போதும். குழந்தை தன் கண்ணால் பார்த்த ஏதாவது ஒன்று படத்தில் இருக்கிறதா? தான் எடுத்த முடிவு ஒன்றுக்காவது காரணம் சொல்கிறதா? பிறர் படத்தைப் பற்றிப் பேசும்போது படத்தைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறதா?

திறன் வகுப்பறை இல்லாத பள்ளிகளில் நான்கு வண்ண அச்சுகள் போதும். ஒவ்வொரு குழுவுக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். படங்களைத் தேடும்போது அந்தந்த அருங்காட்சியகத்தின் இணையப் பக்கத்திலிருந்து எடுங்கள். மற்ற இடங்களில் கிடைக்கும் படங்களில் நிறம் பெரும்பாலும் மாறியிருக்கும். நிறம் மாறினால் இந்தப் பாடமே மாறிவிடும்.

இரண்டு மலை, நடுவே சூரியன் படத்தை இனி யாரும் வரையக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு குழந்தை வரைந்தால், “இந்த மலையை எங்கே பார்த்தாய்?” என்று ஆர்வத்தோடு கேளுங்கள். ஒருவேளை பார்த்திருக்கலாம். பார்த்திராவிட்டால், அடுத்த கேள்வி, “நாளைக்குக் காலையில் உன் வீட்டு வாசலில் என்ன தெரியும், பார்த்து வருகிறாயா?” என்பதாக இருக்கட்டும். நான்காம் வகுப்பில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.